ஐயாவு விடுதியின் காலைக் கோப்பு

கோலசிலாங்கூர் பட்டணத்தில், ஒரு டயர் கடைக்கு மேலே மூன்று மாடிகளில் நடந்துவந்தது கெலிப்-கெலிப் கல்லூரி. கெலிப்-கெலிப் என்றால் மின்மினி. வெளியூர்க்காரர்கள் படகேறி மின்மினி பார்க்க வரும் ஊர் என்பதால் கல்லூரிக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். 'ஒவ்வொரு மாணவரும் ஒரு மின்மினி' என்பது அதன் கொள்கை. மின்மினிக்கு யாரும் விளக்குப் போட்டுக் கொடுப்பதில்லை. கல்லூரியின் மாடிப்படிகளிலும் விளக்கு இல்லை.

கையேட்டைப் பார்த்தால் வசதிகளுக்குக் குறைவில்லை. நூலகம் இருந்தது. அது ஒரு கண்ணாடி அலமாரி. அதன் சாவி நூலகரிடம் இருக்கும், நூலகர் பதவி விரைவில் நிரப்பப்படும். உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. அதில் ஓடுபொறி ஒன்று, பிரமுகர் யாராவது வந்து ரிப்பன் வெட்டட்டும் என்று, இரண்டு வருடமாகப் பிளாஸ்டிக் உறையோடு நின்றது. மழைக்காலத்தில் மாணவர்கள் அதன்மேல் குடை காயவைத்தார்கள்.

தனேஸ்வரி இவற்றில் எதையும் கேட்கவில்லை. அவள் கேட்டது கல்லூரி வேனில் ஓர் இருக்கை.

அவள் வீடு எட்டாங்கட்டைத் தோட்டத்தில். அந்தக் காலத்து எட்டாவது மைல்கல்லை எவனோ பெயர்த்துக்கொண்டு போய் வெகுநாளாகிறது, பெயர் மட்டும் நிற்கிறது. கல்லூரி வேன் தினமும் காலை ஏழு பத்துக்குத் தோட்டத்துப் பாதை பிரியும் சிம்பாங்கைக் கடந்து போகும். உள்ளே மூன்று பேர் இருப்பார்கள், பதினோரு இருக்கை காலியாக இருக்கும். சிம்பாங்கில் நிற்கும் தனேஸ்வரியின் முகத்தில் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போய்விடும். அரைமணி நேரம் கழித்து வரும் பொதுப் பேருந்தில் ஏறி, பட்டணத்தில் இறங்கி, ஓடிப்போய்ச் சேர்ந்தால் மணி எட்டே கால் தாண்டியிருக்கும். செவ்வாயும் வியாழனும் எட்டு மணிக்குக் குழந்தை உளவியல் வகுப்பு. வாசலில் பெருவிரல் பதிக்கும் பொறி எட்டுப் பத்துவரை பச்சையாக எரியும், அதன்பிறகு சிவப்பு.

மூன்று சிவப்பு சேர்ந்தால் ஒரு நாள் வராத கணக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. இந்தப் பாடத்தில் அவள் இன்னும் மூன்று நாள் வராமல் இருக்கலாம். நான்காவது நாள் விழுந்தால் தேர்வு நுழைவுச்சீட்டு கிடையாது. பருவம் முடிய ஏழு வாரம் இருந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆறாவது வாரத்துக்குள் அவள் கதை முடிந்துவிடும்.

அது கடைசிப் பருவம். இந்த ஒரு பாடம் தேறினால் டிப்ளோமா. டிப்ளோமா வந்தால் இஜோக்கில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் என்ன என்பதை அவள் அப்பா நாராயணசாமி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். செம்பனைக் குலை லோரி ஓட்டும் அவர் விடியுமுன்பே வெளியேறிவிடுகிறவர். சுற்றி வளைத்துப் பேச அவருக்கு நேரமில்லை.

"சீட்டுக் குடுக்கலன்னா விட்டுரு பிள்ள. ராவாங்குல அக்கா வேல செய்யற கையுறை பேக்டரியில ஆள் எடுக்கறாங்க. ஏசி. பஸ்ஸு வாசலுக்கே வருது."

பேக்டரி பேருந்து வாசலுக்கே வரும் என்பதுதான் தனேஸ்வரியை அதிகமாக வருத்தியது.

அவள் கூச்சக்காரி. கடையில் மிச்சச் சில்லறையைக்கூட வாய்விட்டுக் கேட்கமாட்டாள். அப்படிப்பட்டவள் அன்று தைரியத்தைத் திரட்டிக்கொண்டு இரண்டாம் மாடியில் இருந்த மாணவர் அரவணைப்பு மையத்துக்குப் போனாள். எண் எடுக்கும் பொறி நூற்றுப் பதினேழு என்று ஒரு சீட்டைத் துப்பியது. அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

"நூத்திப் பதினாறு!" என்று முகப்பிலிருந்து கூப்பிட்டார் மிஸ் நித்தியா.

யாரும் எழவில்லை.

"நூத்திப் பதினாறு!"

தனேஸ்வரி தன் சீட்டை உயர்த்திக் காட்டினாள். மிஸ் நித்தியா அதைப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வராதவருக்காக ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. இருவரும் நூற்றுப் பதினாறுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு தனேஸ்வரியின் முறை வந்தது.

"புகாரா, வேண்டுகோளா, கருத்தா, பாராட்டா?"

"வேன், மிஸ்... எட்டாங்கட்டையில நிக்கறதில்ல..."

"வேன் சரி தங்கச்சி. எந்தக் கலரு? செவப்பு புகார், நீலம் வேண்டுகோள், மஞ்ச கருத்து, பச்ச பாராட்டு."

"நீலம்."

"நீலம் முடிஞ்சிருச்சு. செவப்பு நாங்க அச்சடிக்கறதே இல்ல. மஞ்ச போன வருசத்தோட சரி." மிஸ் நித்தியா குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "பச்ச இருக்கு. அடுத்த பருவத்துல காலேஜுக்கு ஸ்டார் போடற நட்சத்திர ஆய்வுக் குழு வருது, இல்லையா? அவங்க பச்சயத்தான் எண்ணுவாங்களாம்."

"நான் பாராட்ட வரலியே, மிஸ்."

"மனசு வச்சா எதையும் பாராட்டலாம் லா."

வாய்தான் வராதே தவிர தனேஸ்வரிக்குக் கை நன்றாக வரும். பச்சைத் தாளை வாங்கி அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'கல்லூரி வேன் தினமும் சரியாக ஏழு பத்துக்கு எட்டாங்கட்டையைக் கடந்து போகிறது. ஒருநாள்கூட நின்றதில்லை. நான் அங்கேயே நின்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.' படிக்கிறவருக்குப் புரியும் என்று நினைத்தாள்.

படித்தவருக்குப் புரியத்தான் செய்தது. மறுவாரம் அந்தத் தாள் சட்டம் போட்டு அறிவிப்புப் பலகையில் தொங்கியது. வேன் ஓட்டுநர் மகேந்திரனுக்குத் 'தடையற்ற சேவை'க்கான நற்சான்றிதழ் கொடுத்தார்கள். நல்ல மனுஷன். கீழே ரொட்டி சானாய்க் கடையில் அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, நீதான் எழுதினியாமே? பன்னெண்டு வருசம் ஓட்றேன், ஒருத்தரும் ஒரு வார்த்த நல்லதா சொன்னதில்ல. செர்டிபிகேட்ட வீட்ல மாட்டி வச்சிருக்கேன். இனிமே பாரு, இன்னும் வெரசா போறேன்."

அவர் சொன்ன சொல் தவறவில்லை. புழுதி முன்னைவிட உயரமாக எழும்பியது.

ஆனாலும் அந்தப் பச்சைத் தாளால் ஒரு நன்மை விளைந்தது. 'மாதத்தின் சிறந்த பாராட்டாளர்' என்று படம் பிடிப்பதற்காக அவளை அரவணைப்பு மையத் தலைவர் திருச்செல்வம் தம் அறைக்கே அழைத்தார். யாரும் எளிதில் நுழைய முடியாத அறை அது.

"உக்காரும்மா. இந்த நாற்காலியில ஒம்பது வருசமா இருக்கேன். இந்த ஒம்பது வருசத்துல ஒரு ஸ்டூடன்ட்கூட எங்கிட்ட வந்து 'சார், எனக்கு பிரச்சன'ன்னு சொன்னதில்ல. ஏன் தெரியுமா?"

தனேஸ்வரி தெரியாது என்று தலையாட்டினாள்.

"நான் யாருக்கும் அப்பாய்ன்மென்ட் குடுக்கறதில்ல. பிரச்சனைய உள்ள விட்டாத்தான பிரச்சன? மத்த காலேஜுல எல்லாம் பிரச்சன வந்தப்புறம் ஓடுவாங்க. நாங்க வரும்போதே கதவ சாத்திருவோம். இதத்தான் வெளிநாட்டுல ப்ரிவென்ஷன்னு சொல்றாங்க."

படம் பிடித்தாயிற்று. தனேஸ்வரி, "சார், அந்த வேன்ல எனக்கு ஒரு சீட்டு..." என்றாள்.

திருச்செல்வம் சிரித்தபடியே கணினியைத் தட்டினார். சிரிப்பு மெல்லக் குறைந்தது. "நீ எப்படிம்மா வேன் கேக்கலாம்? வேன் வீட்லேர்ந்து வர்றவங்களுக்கு. நீ விடுதி மாணவி."

"இல்ல சார். நான் வீட்லேர்ந்துதான்..."

"ஐயாவு சில்லறைக் கடை, எட்டாங்கட்டை. இது ஒன் முகவரியா இல்லையா?"

"ஆமா சார்."

"இதே முகவரியில இன்னும் ஆறு பேர் இருக்காங்க. ஏழு ஸ்டூடன்ட் ஒரே கூரைக்குக் கீழ. இதுக்குப் பேரு என்ன? விடுதி."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாங்கட்டைத் தோட்டத்தில் தெரு கிடையாது. லயம் என்னும் வரிசை வீடுகள் உண்டு, கதவு எண் உண்டு. ஆனால் தபால்காரரின் மோட்டார்சைக்கிள் செம்மண் பாதையில் அவ்வளவு தூரம் இறங்காது. சிம்பாங்கிலுள்ள ஐயாவு கடையில் கடிதங்களை மொத்தமாகப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அரிசி வாங்கப் போகிறவர்கள் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதனால் தோட்டத்தில் பிறந்த எவரும் 'முகவரி' என்ற கட்டத்தைக் கண்டால், கை தானாகவே 'ஐயாவு சில்லறைக் கடை' என்று எழுதிவிடும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அதுதான். கணக்குப்படி பார்த்தால் வெங்காய மூட்டைக்கும் நெத்திலிக் கூடைக்கும் நடுவே நூற்றுச் சொச்சம் பேர் குடியிருந்தார்கள்.

தனேஸ்வரி இதைத் திக்கித் திணறிச் சொன்னாள்.

"அப்போ நீ பொய் முகவரி குடுத்தியா?" என்றார் திருச்செல்வம்.

"இல்ல சார்!"

"பாத்தியா. நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல, எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரும் பொய் சொல்லாது. அப்போ நீ விடுதியிலதான் இருக்க." அவர் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். "ஆனா தாமதம் நெறைய இருக்கே. கவுன்சலிங் போகணும்மா. நான் கையோட போட்டுடறேன். வியாழக்கிழமை, எட்டு மணி."

வியாழக்கிழமை எட்டு மணிக்குத்தான் குழந்தை உளவியல். அதைச் சொல்வதற்குள் அவர் 'அடுத்த பாராட்டாளர்' என்று மணியை அடித்துவிட்டார்.

நேரம் தவறாமையைப் பற்றிய அந்த ஆலோசனைக்கும் தனேஸ்வரி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாள். ஆலோசகர் வருந்தினார், ஆனால் வியக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நேரத்தை ஒரு நண்பனாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். தனேஸ்வரிக்கு மூடிய கண்ணுக்குள்ளும் வேன்தான் போனது. முடிந்ததும், வகுப்பில் காட்டுவதற்கு ஒரு சீட்டுக் கேட்டாள்.

"சீட்டா? ஐயோ, தரக்கூடாது. நீங்க இங்க வந்தீங்கங்கறது ரகசியம். அதுல நாங்க ரொம்ப கண்டிப்பு."

ரகசியம் காப்பாற்றப்பட்டது. வகுப்பில் ஒரு நாள் வராத கணக்கு விழுந்தது.

இதற்கிடையில் ஐயாவு சில்லறைக் கடைக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. கடையை நடத்துவது ஐயாவுவின் மனைவி சின்னம்மா. தோட்டம் முழுக்க அவரைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடும், அவருடைய பெயரும் அதுதான். மலாய் வாசிக்கத் தெரியாததால் கடிதத்தைத் தனேஸ்வரியிடம் நீட்டினார்.

"என்னான்னு பாரு பிள்ள. கடைய இடிக்கப் போறானுங்களா?"

"இல்ல சின்னம்மா. நம்ம ஐயாவு தாத்தாவ வார்டனா போட்டிருக்காங்க. விடுதி வார்டன்."

சின்னம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிளாஸ்டிக் மாலைக்குள்ளிருந்து ஐயாவு எப்போதும்போல விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறந்து பதினொரு வருடமாகிறது.

"உசுரோட இருக்கறப்ப ஆள் மேய்க்கற ஒரு மண்டோர் வேலைக்கு நாயா அலைஞ்சாரு. ஒருத்தனும் குடுக்கல," என்றார் சின்னம்மா.

வார்டன்களுக்கான விளக்கக் கூட்டத்துக்கு ஐயாவு போகவில்லை. காரணம் கேட்டு இரண்டாவது கடிதம் வந்தது. ஏழு நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், தவறினால் நடவடிக்கை. சின்னம்மா சொல்லச் சொல்லத் தனேஸ்வரி பதில் எழுதினாள்: 'ஐயாவு காலமாகிவிட்டார். ஆகையால் வர இயலவில்லை.' கடை முத்திரையைக் குத்தி அனுப்பினார்கள். இனிமேலாவது விஷயம் விளங்கும் என்று தனேஸ்வரி நம்பினாள்.

மூன்றாவது கடிதம் வந்தது. 'தங்கள் காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இனி இப்படி நேரும்போது முன்கூட்டியே தெரிவிக்கவும்.'

அதற்கடுத்த வாரம் விடுதி ஆய்வு. திருச்செல்வமும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் அளவுநாடாவோடு வந்தார்கள். சின்னம்மா ஒரு வாடிக்கையாளருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டூடன்ட்ஸ் எங்கம்மா?" என்றார் திருச்செல்வம்.

"ஏங்கிட்ட கேட்டா? காலேஜுல இருப்பாங்க."

"வெரி குட். இந்த நேரத்துல விடுதியில ஒருத்தர்கூட இல்ல. எழுதிக்குங்க, ஒழுங்கு." அவர் மூட்டைகளுக்கு நடுவே நடந்தார். "கட்டிலெல்லாம்?"

"கட்டிலா? அரிசி வேணும்னா அரிசி இருக்கு. கட்டில் வேணும்னா தஞ்சோங் காராங்குக்குப் போங்க."

"கட்டில் இல்ல. இடம் விசாலம். உணவுக் கையிருப்பு மிக திருப்தி," என்று சொல்லிக்கொண்டே போனார், கூட வந்தவர் எழுதிக்கொண்டே போனார். "மாணவர்களோட துணி, புத்தகம், செருப்பு ஒண்ணுகூட வெளிய கெடக்கல பாத்தீங்களா? என் ஒம்பது வருச அனுபவத்துல இவ்வளவு சுத்தமான விடுதிய நான் பாத்ததில்ல."

போகிற போக்கில் அரைக் கிலோ நெத்திலியும் வாங்கிக்கொண்டார்.

ஐயாவு விடுதி அங்கீகரிக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட விடுதிக்கு விதிகள் உண்டு. மாணவர் வருகைக் கோப்பு ஒவ்வொரு நாள் காலையிலும் எட்டு மணிக்குள் அரவணைப்பு மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே கல்லூரி வேன் ஏழு பத்துக்கு ஐயாவு கடையில் நின்று அதை எடுத்துக்கொள்ளும்.

முதல் நாள் வேன் வேகம் குறைந்து தன் எதிரில் நின்றபோது தனேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. மகேந்திரன் இறங்கினார், சின்னம்மாவிடமிருந்து கோப்பை வாங்கினார், முன்னிருக்கையில் வைத்தார், சறுக்கி விழாமல் இருக்க இருக்கைப் பட்டையையும் மாட்டினார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்க தங்கச்சி. கோப்புக்கு அனுமதி இருக்கு. ஆளுக்கு இல்ல. செர்டிபிகேட் வாங்கின ஆளு நான், ரூல்ஸ மீற முடியாது. நீ எழுதின செர்டிபிகேட்டுதான் அது."

கதவு மூடிக்கொண்டது. கோப்பு பத்துக் காலி இருக்கைகளோடு பட்டணத்துக்குப் போனது. தனேஸ்வரி பேருந்தில் போனாள். சிவப்பு.

அடுத்த வகுப்பு நாளும் அப்படியே. அன்று மாலை கடையில் தண்ணீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மூன்று நாளும் தீர்ந்துவிட்டது. அதற்கு மேலும் இரண்டு சிவப்பு ஆகிவிட்டது. வருகிற செவ்வாய் ஒரு சிவப்பு விழுந்தால் நான்காவது நாள். நுழைவுச்சீட்டு இல்லை. அப்பா பேக்டரிப் படிவத்தை வாங்கி வந்து சாமி மேடையில் வைத்திருந்தார். அதில் முகவரிக் கட்டத்தை மட்டும் அவரே நிரப்பியிருந்தார்: ஐயாவு சில்லறைக் கடை.

"ஏன் பிள்ள இப்படி மூஞ்ச தொங்கப் போட்டிருக்க?" என்றார் சின்னம்மா. "அந்த நோட்டுக்குக் கெடைக்கற மரியாத ஒனக்குக் கெடைக்கலியே. அத பெல்ட்டு போட்டு உக்கார வச்சு கூட்டிட்டுப் போறான்."

தனேஸ்வரி கோப்பை எடுத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் 'வார்டன் குறிப்பு' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. பேனாவைத் திறந்தாள்.

'இது முக்கியமான கோப்பு. தனியே அனுப்புவது பாதுகாப்பல்ல. வழியில் தொலைந்தால் வார்டன் பொறுப்பேற்க இயலாத நிலையில் இருக்கிறார். எனவே ஒரு மாணவருக்கு ஒரு கோப்பாக ஏழு கோப்புகள் வைக்கப்படும். ஒவ்வொரு கோப்பையும் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு வருவார்.'

எழுதியதை வாசித்துக் காட்டினாள். சின்னம்மா மறுபேச்சில்லாமல் முத்திரையை எடுத்து, வாயால் ஒரு ஊது ஊதிக் குத்தினார்.

வெள்ளிக்கிழமை கோப்பு போனது. அன்று மத்தியானமே கடைக்குத் தொலைபேசி வந்தது. திருச்செல்வத்தின் குரல் மகிழ்ச்சியில் தழுதழுத்தது. ஆவணப் பாதுகாப்பைப் பற்றி நட்சத்திர ஆய்வுக் குழு கேட்கவிருந்த கேள்விக்கு அவரிடம் அதுவரை பதில் இருக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது. மாணவர்களை ஏற்ற முடியாதுதான், விதி விதிதான். ஆனால் கோப்புத் துணைவர் என்று ஒரு புதுப் பிரிவை உருவாக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை அவரே நேரில் வந்து தொடக்கி வைப்பார்.

செவ்வாய் வந்தது. வேனும் ஏழு பத்துக்கே வந்தது. வேன் கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ஏழு மாணவர்களும் ஆளுக்கொரு கோப்போடு வரிசையில் நின்றார்கள். திருச்செல்வம் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நேரம்! நேரம்தான் ஒரு மனிதனின் உண்மையான சொத்து. இன்றைய மாணவர்களுக்கு நேரத்தின் அருமை தெரிவதில்லை..."

ஏழு இருபது.

"...ஒரு கோப்பு வேனில் போகிறது என்றால் அதன் பின்னால் ஓர் அமைப்பு இருக்கிறது. மாணவர்கள் வருவார்கள், போவார்கள். கோப்பு நிலையானது. எங்கள் கல்லூரியில் ஒரு கோப்பைக்கூட நாங்கள் கைவிட்டதில்லை..."

ஏழு முப்பத்தைந்து. தனேஸ்வரி கைப்பேசியைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், ரிப்பனைப் பார்த்தாள். பொதுப் பேருந்து தூரத்தில் தெரிந்து, நெருங்கி, கூட்டத்தைப் பார்த்து ஏதோ திருவிழா என்று நினைத்து நிற்காமல் போய்விட்டது.

"...தாமதம் என்பது ஒரு நோய். அந்த நோய்க்கு மருந்து..."

"சார்," என்றாள் தனேஸ்வரி. யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கே கேட்கவில்லை.

சின்னம்மாவுக்குக் கேட்டது. வெங்காய மூட்டை கிழிக்கும் கத்தியோடு கடையிலிருந்து இறங்கி வந்தார். திருச்செல்வம் ஒலிபெருக்கியோடு இரண்டடி பின்வாங்கினார். சின்னம்மா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. ரிப்பனை ஒரே இழுப்பில் அறுத்துப்போட்டார்.

"வார்டன் சார்பா நான் வெட்டிட்டேன். ஏறுங்க பிள்ளைங்களா! மகேந்திரா, எடு வண்டிய!"

கூடியிருந்தவர்கள் அதுதான் நிகழ்ச்சிநிரல் என்று நினைத்துக் கைதட்டினார்கள். மகேந்திரன் கதவைச் சாத்தினார். மணி ஏழு நாற்பத்தெட்டு.

"தடையற்ற சேவைன்னா என்னான்னு இன்னிக்குப் பாரு தங்கச்சி," என்றார்.

ஒரு செம்பனை லோரியை முந்தினார். ஒரு மாட்டைச் சுற்றினார். ஏழு கோப்புகளும் ஏழு மடிகளில் துள்ளின. டயர் கடை முன்னால் வேன் நின்றதும் தனேஸ்வரி விளக்கில்லாத மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினாள், பெருவிரலைப் பொறியில் வைத்தாள். எட்டு ஒன்பது. பச்சை.

ஒலிபெருக்கியோடு எட்டாங்கட்டையில் விடப்பட்ட திருச்செல்வம் அடுத்த பேருந்தைப் பிடித்து வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. அதிகாரிகளுக்கும் அதே பொறிதான். அது அவருக்கு என்ன நிறம் காட்டியது என்பதைப் பார்க்கக் கீழே டயர் கடைக்காரர்கள்கூட மேலே வந்திருந்தார்கள்.

அதன்பிறகு வேன் தினமும் நின்றது. மிச்சப் பருவம் முழுக்கப் பச்சையாகவே எரிந்தது. தேர்வுக்கு முந்தைய வாரம் நுழைவுச்சீட்டு வாங்க தனேஸ்வரி அரவணைப்பு மையத்துக்குப் போனாள். சீட்டு மேசைமேல் இருந்தது. மிஸ் நித்தியா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மறுகையால் ஒரு தாளை நீட்டினார். சிவப்பு.

"இத நெரப்பினாத்தான் சீட்டு தங்கச்சி. புகாரே இல்லாத காலேஜ்னா ஆய்வுக் குழு நம்பாதாம். ஆளுக்கு ஒரு புகார் கட்டாயம்."

"எனக்கு இப்ப புகார் ஒண்ணும் இல்லியே மிஸ். வேன்தான் நிக்குதே."

"யார் மேலயாவது எழுது லா. ஆனா பேரு போடணும். பேரு போட்டவங்களுக்கு காரணம் கேட்டு லெட்டர் போகும்."

தனேஸ்வரி பேனாவோடு நின்றாள். மகேந்திரனை எழுதினால் வேன் நின்றுவிடும். மிஸ் நித்தியா ஒப்பந்த வேலைக்காரர், அவரை எழுத மனம் வரவில்லை. திருச்செல்வத்தை எழுதலாம், ஆனால் சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு கடிதம் வந்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய ஆள், வேலை போகாத ஆள், கோபித்துக்கொள்ளாத ஆள், இந்தக் கல்லூரியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். எழுதினாள்:

'எங்கள் விடுதி வார்டன் திரு. ஐயாவு மாணவர்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.'

சீட்டு கிடைத்தது.

தேர்வு நாளன்று காலையில் கோப்பை எடுக்கக் கடைக்குப் போனபோது சின்னம்மாவின் கையில் புதுக் கடிதம் இருந்தது. தனேஸ்வரிக்கு என்ன கடிதம் என்று உடனே தெரிந்துவிட்டது. சுவரிலிருந்த படத்தைப் பார்க்கக் கூசியது. நடந்ததைச் சொல்லி, "என்ன மன்னிச்சுக்குங்க, சின்னம்மா. வேற வழி தெரியல," என்றாள்.

"எதுக்கு மன்னிப்பு? உள்ளததான எழுதியிருக்க," என்றார் சின்னம்மா. "உசுரோட இருந்தப்பவே அந்த மனுசன் அப்படித்தான்."

வெளியே வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. தனேஸ்வரி கோப்புக்குள் நுழைவுச்சீட்டு இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டாள்.

"பதில் எழுதணுமே, சின்னம்மா. ஏழு நாளுக்குள்ள."

சின்னம்மா அந்தக் கடிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதில் யாருக்கோ நூறு கிராம் நெத்திலியைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"புதுசா என்னத்த எழுதற? பழைய பதிலயே அனுப்பு. அவரு இன்னும் செத்துத்தான் இருக்காரு. நீ போயி பரீட்ச எழுது, போ."